ஓடும் வண்டியில் அசையாத கால்கள்

1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் லண்டன்மீது இரவுதோறும் குண்டு வீசத் தொடங்கின. மக்கள் நிலவறைகளிலும் பதுங்குமிடங்களிலும் ஒதுங்கினார்கள். படுக்க இடம் கிடையாது. கடற்கரையில் போடும் மடக்கு நாற்காலிகளை விரித்து, அவற்றிலேயே சாய்ந்தபடி விடியும்வரை இருந்தார்கள். கய்ஸ் மருத்துவமனையின் தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் பிணப் பரிசோதனை மேசையில் ஒரு புதுமையைக் கவனித்தார். குண்டடி படாதவர்கள், உடம்பில் ஒரு கீறலும் இல்லாதவர்கள், பதுங்குமிடத்தில் இரவைக் கழித்தபின் திடீரென்று விழுந்து இறந்திருந்தார்கள். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருந்தது. முந்தைய ஆண்டு அதே மாதங்களோடு ஒப்பிட்டால் இவ்வகைச் சாவு ஆறு மடங்காகியிருந்தது. நாற்காலியின் முன்பக்க மரச்சட்டம் தொடையின் அடிப்பக்கத்தை இரவு முழுக்க அழுத்தி, காலின் ரத்த ஓட்டத்தைத் தடுத்ததே காரணம் என்று அவ்வாண்டே 'லான்செட்' இதழில் அவர் எழுதினார். உட்கார நாற்காலி கொடுக்காதீர்கள், படுக்கக் கட்டில் கொடுங்கள் என்பது அவர் சொன்ன தீர்வு.

நெடும்பயணத்தில் காலில் ரத்தம் உறைவதைப் பற்றிப் பேச வந்துவிட்டு லண்டன் நிலவறையில் தொடங்கக் காரணம் உண்டு. அங்கே யாரும் எங்கும் பயணம் போகவில்லை. கால் மடக்கி, அசையாமல், மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். பின்னாளில் இந்த விவாதம் விமானத்தைச் சுற்றியே நடந்தது. பல நாட்டு ஆய்வுகளும் நீதிமன்ற வழக்குகளும் கடந்து அது வந்து சேர்ந்த இடமும் சிம்ப்சனின் நாற்காலிக்கு வெகு அருகில்தான் இருக்கிறது.

இதயம் அடிக்கும் வேகத்தில் ரத்தம் பாதம்வரை போய்விடும். அங்கிருந்து புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற அந்த வேகம் போதாது. ஏற்றிவிடும் வேலையைச் செய்வது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அந்தச் சதை சுருங்கி, தனக்குள் ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது. போனது திரும்பி இறங்காதபடி சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. தெருவோர அடிபம்பில் கைப்பிடியும் வால்வும் சேர்ந்து செய்கிற அதே காரியம். கைப்பிடியை அடிக்காவிட்டால் தண்ணீர் ஏறாது. உட்கார்ந்தே இருக்கும் காலில் ரத்தம் மந்தமாகிறது. முழங்கால் மடங்கியிருப்பதால் அதன் பின்புறச் சிரை நெருக்கப்படுகிறது. இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தினால் இன்னும் மோசம். வால்வுகளின் பின்னாலுள்ள சிறு பைகளில் ரத்தம் தேங்கி, ஆக்சிஜன் குறைந்து, பெரும்பாலும் அங்கேதான் உறைதல் தொடங்குகிறது.

தேங்கினால் மட்டும் உறைந்துவிடுமா என்றால், இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்கோ, நுரையீரலை அடைக்கும் கட்டி அங்கேயே உண்டானதல்ல, காலிலிருந்து கிளம்பி வந்தது என்று நிறுவியவர். ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மை கொள்வது ஆகிய மூன்றையும் அவர் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நெடும்பயணம் இவற்றில் முதலாவதைத்தான் கொண்டுவருகிறது. மற்ற இரண்டில் ஒன்றை ஏற்கெனவே உடம்பில் சுமந்துகொண்டு வண்டி ஏறுகிறவருக்குத்தான் ஆபத்து கூடுகிறது. இந்தக் கேள்வியின் மையம் இதுவே என்பது என் கருத்து. எல்லோருக்கும் பொதுவான அச்சுறுத்தலாக இதைப் பேசிப்பேசியே, உண்மையில் யாருக்கு எச்சரிக்கை போய்ச் சேர வேண்டுமோ அவர்களைத் தவறவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கட்டி காலிலேயே இருந்தால் வீக்கமும் வலியும். இதை மருத்துவர்கள் டி.வி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆழ்சிரை ரத்த உறைவு. கட்டியின் துண்டு கழன்று மேலேறினால் இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். துண்டு சிறிதானால் ஆளுக்கே தெரியாமல் கரைந்துவிடலாம். பெரிதானால் சில நிமிடங்களில் உயிர் போகலாம்.

பயணத்தோடு இதை முடிச்சுப் போட்டவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ். 1954-இல் அவர் எழுதிய கட்டுரையில் 14 மணி நேர விமானப் பயணத்துக்குப் பின் காலில் ரத்தம் உறைந்த 54 வயது மருத்துவர் ஒருவர் வருகிறார். ஆனால் அந்தக் கட்டுரை விமானத்தைப் பற்றியது அல்ல. காரில் நெடுநேரம் போனவர்களும், அரங்கில் நெடுநேரம் அமர்ந்திருந்தவரும்கூட அதில் உண்டு. நெடுநேரம் உட்காருவதால் வருவது என்றுதான் அவர் தலைப்பிலேயே எழுதியிருந்தார். 1970-களில் அகல விமானங்கள் வந்து, கூட்டம் கூட்டமாக மக்கள் கண்டம் தாண்டத் தொடங்கியபோது அந்தப் பொதுமை மறந்துபோனது. 1977-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் இருவர் இதற்கு எகானமி வகுப்பு நோய் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, எகானமி வகுப்பை எட்டிப் பார்க்கத் தேவையில்லாத ஒருவருக்கு இது வந்திருந்தது. 1974 ஜூனில் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் இடது காலில் சிரை அழற்சியோடு மேற்காசிய நாடுகளுக்குப் பறந்தார்; திரும்பிய சில நாட்களில் மாஸ்கோவுக்கும் பறந்தார். பதவி விலகிய மறு மாதம் நுரையீரலில் கட்டி கண்டறியப்பட்டது. அக்டோபர் இறுதியில் அறுவை சிகிச்சை. அவர் பயணம் செய்தது அதிபருக்கென்றே இருக்கும் விமானத்தில்.

உலகம் பதறியது 2000 அக்டோபரில். சிட்னி ஒலிம்பிக் முடிந்த கையோடு ஊர் திரும்பிய 28 வயதுப் பெண் ஒருவர் லண்டன் ஹீத்ரோ நிலையத்தில் இறங்கியதும் மயங்கி விழுந்து இறந்தார். பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. அடுத்த மாதம் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் அறிவியல் குழு விமானப் பயணமும் உடல்நலமும் பற்றி அறிக்கை வெளியிட்டது. 2001 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் வல்லுநர்களைக் கூட்டியது. ஊகமாக இருந்ததை எண்ணிக்கையாக்கும் முயற்சி அப்போதுதான் முறையாகத் தொடங்கியது.

அவ்வாண்டே பாரிஸிலிருந்து ஒரு நல்ல கணக்கு வந்தது. ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் 1993 முதல் 2000 வரை வந்திறங்கியவர்கள் ஏறத்தாழ 13.5 கோடிப் பேர். அவர்களில் இறங்கியவுடனேயே நுரையீரல் அடைப்பு உறுதியானவர்கள் 56 பேர் மட்டும். 5,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்தவர்களில் 10 லட்சம் பேருக்கு 1.5 என்ற வீதம். 10,000 கிலோமீட்டரைத் தாண்டினால் 4.8. குறைந்த தூரம் பறந்தவர்களிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இரண்டு செய்திகளை இதில் படிக்கலாம். தூரம் கூடக்கூட ஆபத்து ஏறுகிறது. அப்படி ஏறியும் அது மிக அரிதாகவே இருக்கிறது. ஆனால் இது நிலையத்திலேயே விழுந்தவர்களின் கணக்கு. வீடு போய்ச் சேர்ந்து, பத்தாம் நாள் மூச்சுத்திணறியவர் இதில் வரமாட்டார்.

அந்த விடுபடலைச் சரிக்கட்டியது நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகக் குழு. பன்னாட்டு நிறுவனங்களில் பணியாற்றும் 8,755 ஊழியர்களின் பயணப் பதிவுகளை நோய்ப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணங்களில் சுமார் 4,650-க்கு ஒன்றில், அடுத்த எட்டு வாரங்களுக்குள் ரத்தக்கட்டி வந்திருந்தது. முதல் இரண்டு வாரங்களில் ஆபத்து அதிகம்; பிறகு படிப்படியாக இறங்கி, எட்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை எல்லாவற்றையும் தொகுத்து, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணித்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது, ஆனாலும் அது 6,000 பேரில் ஒருவருக்கே என்றது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதே லெய்டன் குழு 2006-இல் வெளியிட்ட இன்னொரு முடிவு. ரத்தக்கட்டி வந்த இரண்டாயிரம் பேர் அளவில் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய எட்டு வாரங்களில் எங்கே, எதில் போனீர்கள் என்று கேட்டார்கள். கார், பஸ், ரயில் எதுவானாலும் நான்கு மணி நேரம் தாண்டினால் ஆபத்து ஏறத்தாழ விமானத்துக்குச் சமமாகவே கூடியிருந்தது. 2003-இல் ஈராக் போர்ச் செய்திக்காக நாட்கணக்கில் ராணுவ வண்டிக்குள் முடங்கிக் கிடந்த அமெரிக்கத் தொலைக்காட்சி நிருபர் டேவிட் புளூம் 39 வயதில் நுரையீரல் அடைப்பால் இறந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். நம் ஊரில் இந்தச் செய்தி சரியாகப் பரவவே இல்லை. அமெரிக்காவுக்குப் பறக்கிறவரிடம் "காலை ஆட்டிக்கொண்டே இருங்கள்" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு முழுக்க இருக்கையில் குறுகிப் போகிறவரிடமும், வேன் பிடித்து மூன்று நாளில் ஒன்பது கோயில் பார்க்கும் அறுபது வயதுக்காரரிடமும் யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் விமானத்துக்கென்று தனிக் குற்றம் எதுவும் இல்லையா? இதில் ஆய்வாளர்கள் இரண்டு பக்கமாகத்தான் நிற்கிறார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருப்பதுபோல் குறைவாக இருக்கும். ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும். பிரிட்டனில் நலமான 73 பேரை அத்தகைய அறையில் எட்டு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். ரத்தம் உறையும் போக்கில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. லெய்டன் குழு வேறு விதமாகச் சோதித்தது. 71 பேரை எட்டு மணி நேரம் உண்மையான விமானத்தில் பறக்கவைத்தார்கள். வேறொரு நாள் அதே நேரம் திரைப்படம் பார்க்க உட்காரவைத்தார்கள். இன்னொரு நாள் வழக்கமான வேலைகளைச் செய்யவிட்டார்கள். பறந்தபின் 17 விழுக்காட்டினரின் ரத்தத்தில் உறைதல் முடுக்கிவிடப்பட்டிருந்தது. படம் பார்த்தபின் 3 விழுக்காடு, வழக்கமான நாளில் 1 விழுக்காடு. முடுக்கம் கண்டவர்களில் பலர் கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், அதிலும் ரத்தம் எளிதில் உறையும் மரபணு மாற்றமும் சேர்ந்தவர்கள். பிரிட்டிஷ் ஆய்வில் நலமானவர்கள். லெய்டன் ஆய்வில் ஏற்கெனவே ஏதோ ஒன்றைச் சுமந்தவர்களும் உண்டு. முரண்போல் தெரியும் இரண்டு முடிவுகளும் எனக்கு ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

நீதிமன்றங்கள் இதை வேறு கோணத்தில் முடித்துவைத்தன. பன்னாட்டு விமானப் பயணத்துக்கான வார்சா உடன்படிக்கைப்படி விமானத்தில் விபத்து நேர்ந்தால்தான் பயணிக்கு இழப்பீடு. விமானம் வழக்கம்போல் பறந்து, பயணி வழக்கம்போல் உட்கார்ந்து வந்ததை விபத்து என்று கொள்ள முடியாதென 2005-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையும் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தன.

யாருக்கு ஆபத்து என்பதற்கு வருவோம். ஒருமுறை ரத்தக்கட்டி வந்தவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், அண்மையில் பெரிய அறுவை செய்துகொண்டவர், காலில் மாவுக்கட்டு போட்டவர், கர்ப்பிணி, பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருப்பவர், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுப்பவர், உடல் பருமனானவர், முதியவர். லெய்டன் கணக்கில் கருத்தடை மாத்திரையும் நெடும்பயணமும் சேர்ந்த பெண்களுக்கு ஆபத்து இரண்டுமே இல்லாதவர்களைப்போல் 20 மடங்குக்கும் மேல் இருந்தது. பருமனானவர்களுக்குச் சுமார் பத்து மடங்கு. இந்தப் பெருக்கல்கள் சிறிய எண்ணிக்கையிலிருந்து வந்தவை; அப்படியே இலக்கமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. திசையில் மட்டும் ஐயமில்லை.

உயரமும் இதில் சேரும். 190 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதை முன்னிருக்கையில் முழங்கால் இடிக்கும் எவரும் ஊகிக்கலாம். விமானத்தில் 160 சென்டிமீட்டருக்குக் குறைவானவர்களுக்கும் கூடியிருந்தது. கால் தரையில் முழுதாக ஊன்றாமல் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தும். சிம்ப்சனின் மரச்சட்டம் செய்த வேலைதான். டச்சுக்காரர்களிடையே 160-க்குக் குறைந்தவர்கள் சிறுபான்மை. நம் பெண்களின் சராசரி உயரமோ 152 சென்டிமீட்டர் அளவில்தான். டச்சு முடிவை அப்படியே நம்மீது ஏற்ற முடியாது என்றாலும், குட்டையானவர்கள் காலுக்கடியில் கைப்பையையாவது வைத்து முழங்காலை உயர்த்திக்கொள்வது செலவில்லாத காரியம்.

ஆசியர்களுக்கு இது வராது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். ஐரோப்பியரிடம் இருபதில் ஒருவருக்கு இருக்கும் 'ஃபேக்டர் ஃபைவ் லெய்டன்' என்ற மரபணு மாற்றம் இங்கே மிக அரிது என்பது உண்மை. வீதமும் குறைவுதான். ஆனால் வராது என்பது தவறு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பத்து ஆண்டுப் பதிவுகளைப் புரட்டி 2009-இல் வெளியிட்ட கணக்கில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 10,000 நோயாளிகளில் சுமார் 17 பேருக்கு ஆழ்சிரை உறைவு உறுதியாகியிருந்தது.

நம்மவர் பயணங்களில் மூன்று வகைகளை நான் கவலையோடு பார்க்கிறேன். முதலாவது, மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள். அறுபதைத் தாண்டிய வயது, சர்க்கரை, முட்டிவலி, முதல் வெளிநாட்டுப் பயணம். சென்னையிலிருந்து வளைகுடா போய், அங்கிருந்து டொராண்டோவுக்கோ சிகாகோவுக்கோ 14 மணி நேரத்துக்கு மேல். பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டு ஜன்னலோரத்திலேயே இருந்துவிடுகிறார்கள். கழிப்பறைக்குப் போகவே தயங்கித் தண்ணீரும் குடிப்பதில்லை. ஜன்னலோர இருக்கையில் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்றும் லெய்டன் குழுவே பின்னர் கண்டது. எழுந்து நடக்காததைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, முட்டி மாற்று அறுவைக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்கோ சென்னைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். வங்கதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறார்கள். வெளிமாவட்டங்களிலிருந்து காரில் வருகிறவர்கள் இன்னும் அதிகம். முட்டி, இடுப்பு அறுவைக்குப் பின் உறைவு அபாயம் பல வாரங்கள் நீடிக்கும். தையல் பிரித்துவிட்டார்கள், கிளம்பலாம் என்று டிக்கெட் போடுவதற்குமுன், எப்போது கிளம்பலாம், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எத்தனை நாள் என்று அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவதைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. கோயில் பயணம், கல்யாணம் என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நேராகப் போய் மாத்திரை வாங்கும் வழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். நோரெத்திஸ்டிரோன் என்ற அந்த மருந்தை நாளைக்கு மூன்றுமுறை என்ற அளவில் எடுக்கும்போது அதில் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் முன்பு ரத்தக்கட்டி வந்தவரோ, குடும்பத்தில் இளவயதில் வந்த வரலாறு உள்ளவரோ, உடல் பருமனானவரோ மருத்துவரைக் கேட்காமல் இதை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்காரக் கூடாது. மாத்திரையை நீட்டும் கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கேட்பதில்லை.

தடுப்பு முறைகளில் நன்றாகச் சோதிக்கப்பட்டது முழங்காலுக்குக் கீழ் போடும் இறுக்கமான காலுறைதான். 2001-இல் லண்டனில் 50 வயது தாண்டிய பயணிகளிடம் நடந்த சோதனையில், காலுறை போடாதவர்களில் பத்தில் ஒருவருக்குக் கெண்டைக்காலில் அறிகுறியற்ற சிறு கட்டி ஸ்கேனில் தெரிந்தது. போட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. பின்னர் இத்தகைய சோதனைகளை எல்லாம் காக்ரேன் குழு திரட்டியது. 2,637 பயணிகளில் அறிகுறியற்ற கட்டி 50 பேருக்கு. அவர்களில் 47 பேர் காலுறை போடாதவர்கள், 3 பேர் போட்டவர்கள். வேறுபாடு மறுக்க முடியாதது. ஆனால் அந்தச் சோதனைகள் எதிலும் யாரும் இறக்கவில்லை, நுரையீரல் அடைப்பும் நேரவில்லை. ஆகவே காலுறை உயிரைக் காக்கும் என்று நிரூபணமானதாகச் சொல்ல முடியாது. காலில் தெரியாமல் உண்டாகும் கட்டியைக் குறைக்கிறது என்றுதான் சொல்லலாம். 2003-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வும் இதற்குச் சான்று: 878 பயணிகளில் ஒன்பது பேருக்குக் கட்டி வந்தது, அவர்களில் நால்வர் காலுறை போட்டவர்கள், ஐவர் ஆஸ்பிரின் எடுத்தவர்கள், இருவர் முழுக்கப் பிசினஸ் வகுப்பிலேயே போனவர்கள்.

காலுறை எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஆபத்துக் காரணம் உள்ளவர்கள், கணுக்காலில் 15 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தருவதாக, கால் அளவெடுத்து வாங்க வேண்டும். மேல்விளிம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே வெட்டுமானால் அதுவே ரத்தத்தைத் தடுக்கும். நம் ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியே சுருங்கியிருக்கக்கூடும். அவர்கள் காலை மருத்துவரிடம் காட்டாமல் இறுக்கக் காலுறை போடக் கூடாது, புண்ணாகிவிடும்.

பயணத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. ஆஸ்பிரின் முக்கியமாகத் தமனிக் கட்டிகளுக்கானது. பயணக் கட்டியைத் தடுக்க அதை எடுக்க வேண்டாம் என்றே அமெரிக்க மார்புநோய் மருத்துவர் கல்லூரி 2012 வழிகாட்டலில் சொன்னது. வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து வேறு. ஹெப்பாரின் ஊசியோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ மிகச் சிலருக்கு மட்டும், மருத்துவர் முடிவில். தண்ணீர் குடிக்காததால்தான் ரத்தம் உறைகிறது என்பதற்குத் திடமான சான்று கிடையாது. ஆனாலும் குடியுங்கள், குடித்தால் எழுந்து போக வேண்டிவரும். தூக்க மாத்திரையும் மதுவும் ஆளை ஒரே கோணத்தில் மணிக்கணக்கில் கிடத்திவிடும் என்பதால் அவை வேண்டாம்.

மற்றபடி செய்ய வேண்டியது எளியது. நடைவழியோர இருக்கை கேளுங்கள். விழித்திருக்கும்போது அவ்வப்போது எழுந்து நடங்கள். முடியாதபோது குதிகாலை ஊன்றிப் பாதத்தைத் தூக்கி, பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். கெண்டைக்கால் சதை இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும். காலடியில் பை அடைத்துக் காலை நீட்ட முடியாமல் செய்துகொள்ளாதீர்கள். இரவு பஸ் நெடுஞ்சாலை மோட்டலில் நிற்கும்போது தூக்கம் கலைந்தாலும் இறங்கி நடந்துவிட்டு வரலாம். கழிப்பறை சுத்தமாக இல்லை என்று பெண்கள் இறங்காமலும் தண்ணீர் குடிக்காமலும் உட்கார்ந்திருப்பது நடத்துநர்களும் மோட்டல்காரர்களும் சரிசெய்ய வேண்டிய மருத்துவப் பிரச்சினை. வசதிக் குறைவு என்று சொல்லிக் கடந்துவிடக் கூடியதல்ல. கால் நீட்டிப் படுக்கக் கிடைத்தால், ரயில் பெர்த்தோ படுக்கை பஸ்ஸோ, உட்கார்ந்து போவதைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வண்டியைவிட்டு இறங்கினாலே ஆபத்து முடிந்துவிடாது, அது பல வாரம் நீளும் என்பதுதான் பயணிகளுக்கும் சில மருத்துவர்களுக்கும் மனத்தில் பதியாத செய்தி. விமானத்தில் வந்த பிறகு இரண்டு பாதமும் சற்று வீங்குவது சாதாரணம். "கால்ல நீர் கோத்திருக்கும்மா, ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்" என்று வீட்டில் சொல்வது இரண்டு காலுக்கும் பெரும்பாலும் சரியே. ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்காலில் பிடிப்புபோல் வலித்தால், தொட்டால் சூடாக, நிறம் மாறித் தெரிந்தால் அது வேறு. அப்போது சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நம் வீடுகளின் முதல் வைத்தியம். செய்யவே கூடாதது அதுதான். நீவும்போது கட்டி கழன்று மேலேறலாம். கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் வலியில்லாத சோதனை, மாவட்டத் தலைநகரங்களில் கிடைக்கிறது. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், காரணமில்லாத மயக்கம் என்றால் வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். போன இடத்தில், பயணம் செய்துவந்தேன், எத்தனை நாளாயிற்று, எத்தனை மணி நேரம் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்.

சொல்லியும் கேட்காமல் போகலாம். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்குப் பாத அறுவைக்குப் பின், 2011-இல் நுரையீரல் அடைப்பு வந்தது. 2017-இல் மகளைப் பெற்ற மறுநாள் மூச்சுத் திணறியபோது, மறுபடி அதுதான், சி.டி. ஸ்கேன் எடுங்கள் என்று அவரே சொன்னார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று செவிலியர் நினைத்தாராம். அவர் விடாமல் கேட்டு எடுக்கவைத்த ஸ்கேனில் நுரையீரலில் கட்டிகள் தெரிந்தன.

பயணமே இல்லாத இடத்திலும் இதைப் பார்க்கலாம். 2004-இல் ஜப்பானின் நீகாட்டா நிலநடுக்கத்துக்குப் பின்னும், 2016-இல் குமமோட்டோவிலும், வீட்டுக்குள் போக அஞ்சிக் காரிலேயே இரவைக் கழித்தவர்களுக்கு நுரையீரல் அடைப்பு வந்தது, சிலர் இறந்தார்கள். 2003-இல் நியூசிலாந்து மருத்துவர்கள் நாளெல்லாம் கணினிமுன் உட்கார்ந்திருந்த 32 வயது இளைஞருக்கு உயிருக்கே ஆபத்தான அடைப்பு வந்ததைப் பதிவுசெய்தார்கள். சென்னை ஒக்கியம் துரைப்பாக்கத்திலும் சிறுசேரியிலும் கணினிமுன் இரவுப்பணியில் இருப்பவர்கள் அந்தக் கட்டுரையைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கட்டி வந்துவிட்டால் சிகிச்சை இருக்கிறது. ஹெப்பாரின், வார்ஃபரின் காலத்தைத் தாண்டி, அடிக்கடி ரத்தச் சோதனை தேவைப்படாத ரிவராக்ஸபேன், அபிக்ஸபேன் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. குறைந்தது மூன்று மாதம் விடாமல் எடுக்க வேண்டும். வீக்கம் வடிந்துவிட்டது என்று நடுவில் நிறுத்துபவருக்கு அது திரும்ப வரும் ஆபத்து அதிகம். இனிப் பயணமே கூடாதா என்று பலர் கேட்பார்கள். முதல் சில வாரங்கள் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம். அதன்பின் மருந்தோடு போகலாம். மருந்து நிறுத்திய பிறகு நெடும்பயணம் வந்தால் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, போகும்போதும் வரும்போதும் ஊசியோ மாத்திரையோ வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். திரும்பி வரும் பயணத்துக்கான மருந்தையும் சேர்த்தே இங்கிருந்து வாங்கிப்போக வேண்டும்.